சிவப்பு எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம்

அன்புள்ள அம்மிணி,

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னித்துக்கொள். விரலால் தொட்டால் முகம் பார்த்துப் பேசலாம் என்றிருக்கிற காலத்தில் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறாளே அம்மா என்று நினைப்பாய். ஆனால் பேச்சில் ஆரம்பித்தால் நான் பாதியில் நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். நீ "சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மா" என்று அங்கிருந்து எடுத்துக்கொடுக்க, இங்கே எனக்கு இன்னும் வாய் அடைத்துக்கொள்ளும். காகிதம் அப்படி அவசரப்படுத்தாது. இதை வேறு யாராவது படித்தாலும் பரவாயில்லை. எடுக்கப்படாத போன் ஒன்று அவர்கள் வீட்டிலும் இருக்கலாம்.

போன வாரம் மாப்பிள்ளை ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "அத்தை, உங்களுக்குக் கோபமான்னு இவ தினமும் என்கிட்ட கேக்கறா. நாங்க கனடா வந்தது பிடிக்கலையா?" என்று. அதைப் படித்தபிறகுதான் போனைத் திறந்து பார்த்தேன். நீ கூப்பிட்டு நான் எடுக்காதவை எல்லாம் வரிசையாகச் சிவப்பு எழுத்தில் நின்றன. இந்தப் போன் எடுக்காத அழைப்பைச் சிவப்பில்தான் காட்டுகிறது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு உன் விளக்கு ஞாபகம் வந்தது. கோபம் இல்லை கண்ணு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போன இடமும் பிடித்திருக்கிறது, கூட்டிக்கொண்டு போனவரையும் பிடித்திருக்கிறது. போனை எடுக்காததற்குக் காரணம் வேறு. அதில் நேராக இறங்கத் தைரியம் வராததால் விளக்கு வழியாகச் சுற்றி வருகிறேன்.

என் குரலைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரமடையில் எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். தினமும் கோயமுத்தூர் பஸ் பிடித்துப் போய் பி.காம். படித்தேன். வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயருக்கு நான் "யெஸ் மேடம்" என்று சொன்னது முன்பெஞ்சுக்கே கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவள் என்று குறிக்கப்பட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுந்து நின்று, "நான் இருக்கேனுங்க மேடம்" என்று சொல்வதைவிட ஒரு நாள் வருகை போனால் போகட்டும் என்று இருந்துவிடுவேன். பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பார்த்தபிறகுதான் இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்றே அந்த மேடத்துக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்டவளை உன் அப்பா கட்டிக்கொண்டு மலைக்குக் கூட்டி வந்தார். சோலூர்ச் சாலையில் மேட்டின் மேல் நம் வீடு. அவருக்குப் பைக்காரா பவர் ஹவுஸில் ஷிப்டு வேலை. எந்நேரமும் ஆள் தேவைப்படும் என்பதால் அந்தப் பக்கத்துக்கே முதல் போன் நம் வீட்டுக்கு வந்தது. எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. நமக்குக் கீழே பள்ளத்தில் நாலு வீடுகள். நாலு வீட்டுக்காரர்களுக்கும் துண்டு துண்டாகச் சொந்தத் தேயிலை இருந்தது. நாலு பேருக்கும் நம் எண்தான் பி.பி. நம்பர். மாப்பிள்ளைக்கு நீ இதை விளக்க வேண்டியிருக்கும். சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து, கூடவே பி.பி. என்று சொல்லிவைப்பார்கள். வெளியூரிலிருந்து கூப்பிடுபவர், "மல்லிகாவக் கூப்புடுங்கக்கா, பத்து நிமிசத்துல திரும்பக் கூப்புடறேனுங்க" என்று வைத்துவிடுவார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஆளை அழைத்து வந்து போன் பக்கத்தில் உட்கார வைப்பது போன் வைத்திருக்கும் வீட்டின் பொறுப்பு.

தேயிலை விலை விழாதிருந்தால் இதொன்றும் பெரிய பாரமாக இருந்திருக்காது. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு போன் வரும், அதுவும் கல்யாணமோ சாவோ. விலை விழுந்தபிறகு பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டுப்படியாகவில்லை. பறிக்காமல் விட்ட செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பாத்திக்குப் பாத்தி குட்டிக் காடாக நின்றன. எங்கள் தொழிற்சாலையில் இலை சுருட்டும் ரோலர் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள் அதிகமாயிற்று. பள்ளத்து வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். மூன்றாம் வீட்டு ரவியும் போனார். அவர் மனைவி மல்லிகா மட்டும், "நான் நட்ட செடிய நான் உட்டுட்டு வரமாட்டேன்" என்று இரண்டு பிள்ளைகளோடு இங்கேயே இருந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் நம் வீட்டுப் போன் ஓயாமல் அடிக்கும். திருப்பூரில் லீவு அன்றைக்குத்தான்.

மற்ற யாராக இருந்தாலும் முற்றத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வேலை முடிந்திருக்கும். என்னால் அது முடியவில்லை. ஊருக்கே கேட்கும்படி ஒருவர் பெயரைச் சொல்லிக் கத்துவது என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு தடவை முயன்று பார்த்தேன். மல்லிகா அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏனுங் ஆபீசக்கா, நீங்க கூப்புடறது உங்களுக்காச்சும் கேக்குதுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு நான் கத்த முயலவே இல்லை. ஒவ்வொரு போனுக்கும் படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். மழையில் வழுக்கும், மூடுபனியில் படி தெரியாது, சாயங்காலம் ஆனால் பறிக்காத தேயிலைக்குள் காட்டெருமை வந்து நிற்கும். ஒரு நாள் திருப்பத்தில் அதன் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி விழுந்து, முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்தக் கட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருடம்தான் வீட்டுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்திருந்தது. தொழிற்சாலையில் ஆள் குறைத்தால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களை வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு இருந்ததால், யாரோ கழித்துப்போட்டதை உன் அப்பா எனக்காக வாங்கி வந்தார். நான் அதன் முன்னால் கை கட்டி உட்காருவேன். நீயோ அதன் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாய். பிரிண்டர் சொருகுகிற இடத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும் அல்லவா, நம்மிடம் பிரிண்டர் இல்லாததால் அது சும்மாதான் கிடந்தது. ஊட்டியில் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஏதோ ஒரு பத்திரிகையில் அந்தத் துளைகள் ஒவ்வொன்றிலும் துளி மின்சாரம் வரும், கம்ப்யூட்டர் சொன்னால் வரும், சொன்னால் நிற்கும் என்று படித்திருக்கிறாய். ஒரு சனிக்கிழமை நான் சமையலறையிலிருந்து வந்தபோது, உடைந்த டேப் ரெக்கார்டரில் இருந்து பிடுங்கிய குட்டிச் சிவப்பு விளக்கு ஒன்று சோப்பு டப்பாவில் குத்தி நின்றுகொண்டிருந்தது. நீ விசைப்பலகையில் ஒன்று என்று தட்டினாய், எரிந்தது. பூஜ்யம் என்று தட்டினாய், அணைந்தது. திரும்பி என்னைப் பார்த்தாய். மிளகு அளவு வெளிச்சம்தான். அது நீ சொன்னதைக் கேட்கிறது என்பதுதான் எனக்குப் புல்லரித்தது. நான் சொல்வதை முன்பெஞ்சுகூடக் கேட்டதில்லையே.

அதன்பிறகு நீ செய்ததை நான் சமையலறைக் கதவருகில் நின்றபடி ஒன்றுவிடாமல் பார்த்தேன். பார்ப்பதுதான் எனக்கு நன்றாக வரும். மிளகு வெளிச்சம் பள்ளத்துக்கு எட்டாது, குண்டு பல்பு வேண்டும். ஆனால் அந்தத் துளையில் வருகிற மின்சாரம் பல்பை எரிக்கக் காணாது. பரணில் கிடந்த, கெட்டுப்போன ஸ்டெபிலைசரைப் பிரித்து அதிலிருந்து ரிலேயை எடுத்தாய். தீப்பெட்டியைவிடச் சின்னதான அந்தப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கதவு இருப்பதாகச் சொன்னாய். "கம்ப்யூட்டர் சின்னக் கொழந்தைம்மா, அதால பெரிய கதவத் தள்ள முடியாது. அது வாட்ச்மேனக் கூப்புடும், வாட்ச்மேன் கதவத் தொறப்பான்." அந்த வாட்ச்மேன் ஒரு டிரான்சிஸ்டர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முதலில் ரிலே அசையவே இல்லை. டிரான்சிஸ்டரின் மூன்று காலில் எந்தக் கால் எது என்று மாற்றி வைத்திருந்தாய். அழவில்லை, கோபப்படவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து காலை மாற்றிப் பற்றவைத்தாய். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டது அந்த 'டக்'.

உன் அப்பா ஷிப்டு முடிந்து வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பல்புக்குப் போகிற ஒயர் கம்ப்யூட்டர் பக்கம் எங்கேயும் தொடாமல் இருக்கிறதா என்று விரலாலேயே தடவிப் பார்த்து, இரண்டு இடத்தில் டேப் சுற்றினார். பிறகு, அவருக்கே உரிய விதத்தில், வேண்டுமென்றே கேட்டார்: "ஏன் அம்மிணி, இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு? ஒரு சுவிட்ச்சு வெச்சாப் பத்தாதா?" நீ அதற்குச் சொன்ன பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். "சுவிட்ச்சுக்கு எண்ணத் தெரியாதுங்கப்பா. நாலு ஊடு இருக்குது. மூணாம் ஊட்டுக்கு மூணு தடவ எரிஞ்சு அணையோணும், ஆளு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. அம்மா ஒரு கீயை அமுக்குனாப் போதும், அப்பறம் போய் அடுப்பப் பாத்துக்கலாம்." அவர் என்னைப் பார்த்து, "என்ற புள்ள ஊட்டுக்குள்ள கண்ட்ரோல் ரூம் கட்டிட்டா" என்றார். அதற்குமேல் புகழ அவருக்குத் தெரியாது.

நான் ஒன்று கேட்டேன். "நீ சத்தமாக் கூப்புடுவியே கண்ணு, ஞாயித்துக்கெழம நீயே ஒரு கொரலு குடுத்தா ஆச்சு, இவ்வளவு சிரமம் எதுக்கு?" என்று. நீ ஒயர் நுனியைக் கத்தரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "அடுத்த வருசம் நான் ஊட்டி ஹாஸ்டலுக்குப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாய். அம்மாவுக்குக் கத்த வராது என்பது உனக்குக் குறையாகவே படவில்லை. மழை பெய்யும் என்பதைப் போல அதையும் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி ஒன்றைச் செய்தாய். என்னைக் கத்தப் பழகச் சொன்னவர்கள் நிறையப் பேர். கத்தாமலே இருக்கலாம் என்று வழி செய்தவள் நீ ஒருத்திதான்.

அடுத்த வேலை நிறம். பஜாரிலிருந்து ஜீரோ வாட் பல்புகளில் நிறத்துக்கு ஒன்றாக வாங்கி வந்தோம். பச்சை, தேயிலையோடு தேயிலையாகக் கரைந்துபோயிற்று. நீலம் மூடுபனிக்குள் முங்கியது. மஞ்சள் மற்ற வீட்டு விளக்குகளோடு கலந்துவிட்டது. சிவப்பு ஒன்றுதான் பள்ளத்து அடிவரைக்கும் தெரிந்தது. நெய் டின் ஒன்றின் உள்புறத்தைக் கறுப்படித்து, அதற்குள் பல்பை வைத்து, பள்ளத்தைப் பார்த்தபடி கூரை விளிம்பில், இறவாணத்தில், அப்பா கட்டிக்கொடுத்தார். சிவப்பு என்றதும் நம் மூன்று பேருக்குமே வேறு யோசனை வரவில்லை. ஏன் வரும்? நீ நடக்கத் தெரிந்த நாளிலிருந்து உன் அப்பா சொல்லிக்கொடுத்தது அதுதானே. பவர் ஹவுஸ் பேனலில் சிவப்பு எரிந்தால் மிஷின் ஓடுகிறது, மின்சாரம் போகிறது, எல்லாம் நலம். பச்சை எரிந்தால் நின்றுவிட்டது. ஷிப்டு முடிந்து வரும் அவரிடம் நீ வாசலில் நின்று, "சிவப்பாங்கப்பா?" என்று கேட்பாய். "சிவப்புதான் சாமி" என்பார். அது நம் வீட்டு நலம் விசாரிப்பு.

நீ நாலு வீட்டுக்கும் போய் எண்ணிக்கையை விளக்கிவிட்டு வந்தாய். நிறத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

அந்த முதல் ஞாயிறு அப்பாவுக்கு ஷிப்டு. பொழுது இறங்கும் நேரத்தில் ரவி கூப்பிட்டார். நீ மூன்றைத் தட்டினாய். 'டக் டக் டக்' என்று ரிலே பேசியது. நாம் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். மல்லிகா கதவைத் திறந்து வெளியே வந்தாள். மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குடை எடுக்கப் போயிருப்பாள் என்றாய் நீ. கதவு திறக்கவில்லை. ரவி மறுபடி கூப்பிட்டார். இன்னும் வரவில்லை என்றேன். அவர் குரல் மாறியது. பிள்ளைகளோடு இருக்கத் தோதாக ஒரு வீடு பார்த்திருப்பதாகவும், வீட்டுக்காரர் அன்றைக்கே பதில் கேட்பதாகவும், மல்லிகாவுக்கு வர இஷ்டமில்லை என்றால் இனிமேல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை என்றும் சொன்னார். "கடைசியா ஒருக்காக் கூப்புடறேனுங்கக்கா" என்று வைத்துவிட்டார்.

உன்னைப் போன் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு டார்ச்சும் குடையுமாக இறங்கினேன். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. தள்ளினேன். மல்லிகா இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "சொல்லிருங்கக்கா, என்னாச்சு அவுருக்கு?" என்றாள். படியில் இறங்கி வந்த மூச்சும், எதிர்பாராத அந்தக் கேள்வியும் சேர்ந்து எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு மனமில்லை; மேட்டில் இருந்த உனக்கே அது கேட்டிருக்கும். தொழிற்சாலையில் ஒருத்தியின் கை ரோலரில் மாட்டிய அன்று, தலையில் சிவப்பு சுழல வந்த ஆஸ்பத்திரி வண்டியைப் பார்த்தவள் அவள். சிவப்பு என்றால் அவளுக்கு அதுதான். மூன்று தடவை என்று எண்ணுகிற நிலையில் அவள் இல்லை.

அப்போதுதான் மேலேயிருந்து உன் குரல் வந்தது. மூடுபனியைக் கிழித்துக்கொண்டு, பள்ளம் முழுக்க எதிரொலித்தது. "மல்லிகாக்கா, அண்ணன் லைன்ல இருக்கறாருங்க. நல்லா இருக்கறாரு. வாங்க." ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். மல்லிகா பிள்ளைகளை என் கையில் தள்ளிவிட்டு, குடையும் இல்லாமல், செருப்பும் இல்லாமல் ஓடினாள். நான் பிள்ளைகளோடு மேலே வந்து சேர்ந்தபோது அவள் போனைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள். என்ன தப்பு செய்தோம் என்று ரவிக்குத் தெரியவே இல்லை. கடைசியில் அவர் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அத்தனை மாதமாக மாட்டேன் மாட்டேன் என்று இருந்தவள், "புடிச்சுருங்க. பரீட்ச முடிஞ்சதும் வர்றோம். செடி கெடக்குது" என்றாள்.

வைத்தபிறகு உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர்ல அம்மிணி சிவப்பு நல்லது?" என்றாள். நீ பயந்துகொண்டே, "பைக்காராவுலங்கக்கா" என்றாய். அவள் சிரித்தாள் பார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. அன்று சாப்பிடும்போது, "என்னால ஒரு ஊடு காலியாகப் போவுதும்மா" என்றாய். விளக்கு வேலை செய்ததா இல்லையா என்பதைவிட, அதைப் பார்த்த கண்ணில் என்ன தெரிந்தது என்பதுதான் உனக்குப் பெரிதாக இருந்தது. உன்னைப் பார்த்து நான் அசந்துபோனது ரிலே 'டக்' என்றபோது அல்ல, அப்போதுதான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நீ பச்சைப் பல்பை மாட்டிவிட்டு, மல்லிகாவையே கூட்டிப் போய்ப் பள்ளத்து அடியில் நிறுத்தி, தெரிகிறதா என்று கேட்டாய். அவளுக்கு எரிவதும் தெரியவில்லை, அணைவதும் தெரியவில்லை. சிவப்பைப் பற்றி அவள் நினைத்தது தப்பு என்று ஒரு வார்த்தை நீ வாதாடவில்லை. எது மாட்டட்டும் என்று மட்டும் கேட்டாய். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "அந்தச் சிவப்பையே மாட்டு சாமி. எங்களுக்கும் இனிமே அது ஓடுதுன்னே இருக்கட்டும்." நாலு வீட்டுக்கும் அவளே போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு குழாயடியில் பேச்சே மாறிவிட்டது. "உங்கூட்டுக்காரரு எப்படி இருக்கறாரு?" என்று யாராவது கேட்டால், "நேத்து சிவப்பு எரிஞ்சுதுங்க, ஓடுது" என்பார்கள். பவர் ஹவுஸ் பேனலில் இருந்த ஒரு வழக்கம் நெய் டின் வழியாகப் பள்ளத்துக்கு இறங்கி வந்துவிட்டது. பரீட்சை முடிந்து மல்லிகா மூட்டை கட்டிக்கொண்டு போனபோது, பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாக உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தையும் அதுதான். "ஓடட்டும் அம்மிணி."

புதிதாகக் குடித்தனம் தொடங்கியிருக்கிற உனக்கு அறிவுரை என்று நான் சொல்லக்கூடியது இதற்குள்ளேயே இருக்கிறது. மாப்பிள்ளை வேறு ஊர், வேறு வீடு. அவர் பேசாமல் இருந்தால் அது உன் அகராதியில் கோபம், அவர் வீட்டில் அது களைப்பாக இருக்கலாம். நீ சத்தமாகப் பேசுவது நம் வீட்டில் அன்பு, அவர் வீட்டில் அது சண்டையாக இருக்கலாம். எந்தச் சிவப்பு யாருக்கு என்ன என்று முதலிலேயே கேட்டுக்கொள். கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. பதினான்கு வயதில் பள்ளத்து அடிவரை நடந்துபோய்க் கேட்டவள் நீ.

இப்போது என் சிவப்புக்கு வருகிறேன். உன் அப்பா இருந்தவரை போன் மணி அடித்தால் அவர்தான் எழுந்து போவார். வாசலில் யாராவது கூப்பிட்டால் அவர்தான் குரல் கொடுப்பார். அதனால் எனக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவர் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன், எல்லாரும் சொல்வதுபோல. பால்காரர் ஒரு நாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, "எத்தன நேரமுங்க பெல் அடிக்கறது?" என்றபோதுதான் சந்தேகம் வந்தது. ஊட்டியில் காது டாக்டரிடம் போனேன். சத்தமான இடத்தில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார். ரோலர் அறைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது என்றேன். மணி, விசில், குருவி மாதிரியான மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போகுமாம். பக்கத்தில் இருந்து பேசினால் இன்னும் நன்றாகவே கேட்கிறது. போனைக் காதில் வைத்துக்கொண்டால் உன் குரல் கேட்கும். அது அடிப்பதுதான் கேட்பதில்லை. காதுக்கு மெஷின் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதை மாட்டியும் சமையலறைக்கு மணி எட்டவில்லை. நம் வீட்டில் சிக்னல் கிடைப்பது முன்னறை ஜன்னல் மேடையில் மட்டும் என்பது உனக்குத் தெரியும், அதனால் போன் அங்கேயேதான் கிடக்கிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் நான் அடுப்படியில் இருந்திருப்பேன், சும்மாதான் இருந்திருப்பேன். மல்லிகா குழாயடியில் கேலிக்குக் கேட்டதற்கு இன்றைக்கு நிஜமாகவே பதில் சொல்லலாம். கேட்கவில்லைதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ கிளம்பி வந்துவிடுவாய். அல்லது என்னை அங்கே வரச் சொல்வாய். இரண்டும் எனக்கு வேண்டாம். இந்த மேடும் இந்த மூடுபனியும் எனக்குப் பழகிவிட்டன. விலை ஏறாவிட்டாலும் பறிக்கிறவர்கள் இன்னும் பறித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் வேலையும் அங்கே இருக்கட்டும்.

வேண்டியது ஒன்றே ஒன்று. கேட்கலாமா கூடாதா என்று இத்தனை பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். காது கேளாதவர்களுக்கென்று விளக்கு எரிகிற கருவி கடையில் கிடைக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நீ ஒன்று செய்து கொடு. அவசரமில்லை, அடுத்த தடவை லீவில் வரும்போது போதும். நீ அங்கிருந்து கூப்பிட்டால் இங்கே அடுப்படியில் எரிய வேண்டும், நான் எடுக்கிற வரைக்கும். இப்போது இதையெல்லாம் எப்படிச் செய்வார்களோ எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நெய் டின் இன்னும் இறவாணத்திலேயே இருக்கிறது. ஒயரை எலி கடித்துவிட்டது, மற்றபடி அப்பா கட்டிய கட்டு அப்படியே நிற்கிறது. பல்பு மட்டும் சிவப்பாகவே போடு. பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். அங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து எடுப்பேன்.

அம்மா